முதல் மீட்பாளர் ஊரே: பேரிடரும் உள்ளூர்த் தயார்நிலையும்

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியது. அங்கே எழுந்த அலை நாகப்பட்டினம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் நம் கரைக்கு ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் கிடையாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதற்குப் பின் நாடு சும்மா இருந்துவிடவில்லை. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது. அதன் நான்காவது படைப்பிரிவு அரக்கோணத்தில் இருக்கிறது. 2007இல் ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. புயல் எங்கே கரையேறும் என்பதை வானிலைத் துறை பெரும்பாலும் சில நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்று எண்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் வெள்ளமும் புயலும் தாக்கக்கூடிய இடங்கள் நாலாயிரத்துக்கும் மேல் என்று வருவாய்த் துறை கணக்கெடுத்து வைத்திருக்கிறது.

மேலே இவ்வளவு எழுப்பியிருக்கிறோம். கீழே, ஊரில் என்ன இருக்கிறது? தண்ணீர் வாசலுக்கு வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்கிறார்? பஞ்சாயத்துத் தலைவர் யாரைக் கேட்காமல் எந்த முடிவை எடுக்கலாம்? பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? கடந்த சில பத்தாண்டுகளில் தமிழகக் கரையிலும் ஒடிசா, கேரளம், வங்கதேசம், ஜப்பான் ஆகிய இடங்களிலும் நடந்தவற்றை வைத்து இந்தக் கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரிடரின் முதல் சில மணி நேரம் எப்போதும் ஊர்க்காரர்களின் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்துக்கு வேண்டிய அதிகாரம், பணம், பயிற்சி மூன்றையும் ஊருக்குக் கொடுக்காதவரை மேலே கட்டிய எதுவும் முழுப் பயன் தராது.

எச்சரிக்கை: செய்தி வந்தால் போதுமா?

2004இல் எச்சரிக்கை அமைப்பு இல்லாதபோதும் தப்பிய ஊர்கள் உண்டு. புதுச்சேரிக் கரையிலுள்ள மீனவ ஊரான நல்லவாடு அவற்றில் ஒன்று. அவ்வூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். அன்று காலை தொலைக்காட்சியில் செய்தி பார்த்தவர் வீட்டுக்கு போன் போட்டார். கடல் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொல்ல, எல்லோரும் உடனே வெளியேறுங்கள் என்று கத்தினார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராமத் தகவல் மையம் நடத்திவந்தது. கடல் நிலவரத்தையும் மீன் விலையையும் தினந்தோறும் ஒலிபெருக்கியில் சொல்லிவந்த இடம் அது. ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்து உள்ளே போய் மைக்கைப் பிடித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

இங்கே மக்களைக் காத்த ஒலிபெருக்கி, பேரிடருக்கென்று வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்த சாதனமன்று. தினமும் புழங்கிய சாதனம். அது எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்பது ஊருக்கே தெரியும். அதில் வரும் குரலை நம்பும் பழக்கமும் இருந்தது. அவசரத்துக்கென்றே தனியாக வைத்த கருவிகள் பல ஊர்களில் துருப்பிடித்துக் கிடப்பதற்கும் நல்லவாட்டின் ஒலிபெருக்கி வேலை செய்ததற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் இன்னொரு வகை எச்சரிக்கை வேலை செய்தது. 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து பெரும் உயிர்ப்பலி வாங்கியது. நிலம் பலமாக ஆடி, பிறகு கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற அறிவைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள். 2004இல் அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். நம் கரையிலோ அப்படி ஒரு நினைவு இல்லை. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் பலர் திரும்பவேயில்லை.

தொழில்நுட்பம் வளர்ந்த பிறகும் எச்சரிக்கை கடைசி ஆள்வரை போய்ச் சேராமல் அறுந்துபோகும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் காட்டியது. குமரிக்கடலில் மிகக் குறுகிய நேரத்தில் அது புயலாக வலுப்பெற்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் அதற்கு வெகு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள் அவர்கள். கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் கருவியின் எல்லைக்கு அப்பால் இருந்த அவர்களுக்குச் சேதி சொல்ல வழியே இருக்கவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்களை இழந்தன. அதன் பிறகுதான் நாவிக் செயற்கைக்கோள் வழியே படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன.

கருவி வந்தாலும் அதில் வரும் செய்தி புரிகிற மொழியில் இருக்க வேண்டும். "தென்மேற்கு வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்ற வாக்கியத்தைக் கேட்டு ஒரு மீனவர் முடிவெடுக்க முடியாது. எந்தக் காற்று, எத்தனை பாகத்தில், எப்போது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காக, மீனவர் பேச்சிலேயே இதைச் செய்கிறது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் கரையோரப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அறிந்திருக்க வேண்டும். இன்று பெரும்பாலோருக்கு அது செய்தியில் வரும் ஓர் எண் மட்டுமே.

அளவீடு ஊரிலேயே தொடங்கலாம் என்பதற்குக் கேரளம் சான்று தருகிறது. வயநாட்டில் கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம், தோட்டக்காரர்களும் விவசாயிகளும் தம் நிலத்தில் வைத்து அளக்கும் மழைமானிகளை ஒரு வலையமைப்பாக இணைத்திருக்கிறது. மலைப்பகுதியில் ஒரு சரிவில் கொட்டும் மழை அடுத்த சரிவில் இருக்காது. தாலுகாவுக்கு ஒன்று என்று வைத்த அரசு மழைமானியில் அது பதிவாகாமலே போகும். 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழிப்பதற்கு முன்பே அபாய அளவு மழை இந்த வலையமைப்பில் பதிவாகி, எச்சரிக்கையும் போனது. ஆனாலும் ஊர் காலியாகவில்லை. தமிழகத்தின் மலை ஊர்களான கோத்தகிரி, கூடலூர், வால்பாறைக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. மழையை ஊரே அளக்கலாம். அளந்து சொன்னவுடன் முடிவெடுக்கும் அதிகாரம் ஊருக்கு அருகிலேயே ஒருவரிடம் இருந்தாக வேண்டும்.

வெளியேறாதவர்களின் நியாயம்

எச்சரிக்கை வந்தும் மக்கள் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை என்று அதிகாரிகள் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். "சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க" என்ற அந்தப் பேச்சுக்குப் பின்னால் கேட்கப்படாத காரணங்கள் இருக்கின்றன. மாட்டை யாரிடம் விடுவது? வலையையும் இன்ஜினையும் யார் காப்பது? முகாமில் வயசுப் பெண்ணை எங்கே படுக்க வைப்பது? நாலு நாளைக்குக் கழிப்பறை உண்டா? சென்ற முறை போனோம், புயல் வேறு பக்கம் போய்விட்டது, திரும்பி வந்தால் வீட்டில் சாமான் இல்லை. இந்த முறை எதற்குப் போக வேண்டும்? ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. இவற்றுக்கு விடை சொல்லும் முகாமுக்கு மக்கள் போகிறார்கள்.

வங்கதேசம் இதைக் கற்றுக்கொள்ளப் பெரும் விலை கொடுத்தது. 1970 நவம்பரில் வந்த போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பின் செஞ்சிலுவைச் சங்கமும் அரசும் சேர்ந்து புயல் தயார்நிலைத் திட்டம் என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கின. கையில் மெகாஃபோன், சுழற்றும் சைரன், சமிக்ஞைக் கொடி ஆகியவற்றோடு வீடுவீடாகப் போகிறவர்கள் அந்தந்த ஊர் ஆட்களே. ஆனாலும் 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் மடிந்தார்கள். பெண்களின் சாவு ஆண்களைவிட மிக அதிகம். புகலிடங்கள் போதவில்லை. இருந்த சிலவற்றுக்கும் ஆண் துணையின்றிப் போகப் பெண்கள் தயங்கினார்கள். அதற்குப் பின் புகலிடங்கள் பெருகின, பெண்களுக்குத் தனியிடம் வந்தது, பெண் தொண்டர்கள் சேர்க்கப்பட்டார்கள். இன்று அந்த அமைப்பில் 76,000 பேர் இருக்கிறார்கள்; அவர்களில் பாதிப் பேர் பெண்கள். 2007இல் வந்த சிதர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெருந்துயரம்தான், ஆனால் முன்பு லட்சத்தில் எண்ணிய சாவு ஆயிரத்தில் எண்ணும் அளவுக்கு இறங்கியது.

ஒடிசாவின் வரலாறும் இத்தகையதே. 1999 அக்டோபர் பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். மாநிலத்துக்கென்று தனிப் பேரிடர் ஆணையம் அந்த ஆண்டே பிறந்தது. 2019 மே மாதம் ஃபானி புயல் வந்தபோது ஏறத்தாழ 12 லட்சம் பேர் இரண்டு நாட்களுக்குள் இடம் பெயர்க்கப்பட்டார்கள். இறந்தவர்கள் 64 பேர். ஒடிசாவின் புயல் புகலிடங்களை நடத்துவது உள்ளூர்க் குழு. அதன் இளைஞர்கள் மீட்பு, முதலுதவி, முகாம் நிர்வாகம் என்று பிரித்துப் பயிற்சி பெற்றவர்கள். சாதாரண நாட்களில் கட்டடம் வகுப்பறையாகவோ கூட்ட அரங்காகவோ பயன்படுவதால் கழிப்பறையும் மின் இணைப்பும் கெட்டுப்போகாமல் இருக்கின்றன. கஞ்சம் மாவட்டத்தின் வெங்கட்ராய்ப்பூர், ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் நோலியாசாஹி ஆகிய இரு ஊர்களை 2020இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் சுனாமிக்குத் தயாரான ஊர்கள் என்று அங்கீகரித்தது. கட்டடத்தின் பலத்தைவிட, ஊரின் ஒத்திகையும் வரைபடமும் வெளியேறும் பாதையும்தான் அந்த அங்கீகாரத்துக்கு முதன்மையான அளவுகோல்.

தமிழகக் கரையிலும் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் நூற்றுக்கும் மேல் எழுந்திருக்கின்றன. அவை சாதாரண நாட்களில் திறந்திருக்கின்றனவா, ஊர்க்குழு ஒன்று பொறுப்பில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே புயல் நாளில் அவற்றின் மதிப்பு அமையும். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தை மக்கள் நம்ப மாட்டார்கள்.

முதலில் கை நீட்டுபவர் யார்?

1995 ஜனவரி 17 விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோரைத் தூக்கியவர்கள் அக்கம்பக்கத்தார் என்பது பின்னால் ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. உலகிலேயே மிகச் சிறந்த தீயணைப்புப் படைகளில் ஒன்றை வைத்திருந்த நாட்டின் நிலை இது. நடுக்கத்தின் மையத்தை ஒட்டிய அவாஜி தீவில் ஹொக்குதான் என்ற ஊரில் சுமார் முந்நூறு பேர் வீட்டுக்கடியில் புதைந்தார்கள். ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினர் தேடி அலையவில்லை. எந்த வீட்டில் கிழவி எந்த அறையில் படுப்பாள் என்பது அவர்களுக்குத் தெரியும். நேரே அங்கே தோண்டினார்கள். அன்று மாலைக்குள் காணாமற்போனவர் என்று ஒருவரும் மீதியில்லை. எந்தக் கருவியும் தராத தகவல் இது. அண்டை வீட்டாரிடம் மட்டுமே இருப்பது.

நம் பக்கத்தில் இதை மீனவர்கள் மெய்ப்பித்தார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னைக்குள் புகுந்தபோது கடற்கரையிலிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மாடி வீடுகளில் சிக்கியவர்களை இறக்கினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் ஏறக்குறைய 65,000 பேரை மீட்டார்கள். யாரும் உத்தரவிடும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. டீசல் செலவும் உடைந்த படகும் ஆரம்பத்தில் அவர்கள் தலையிலேயே விழுந்தன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பகுதி கண்டது வேறு வகைச் சோதனை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளங்கள் வரிசையாக உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது; தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள், அவர்களில் கைக்குழந்தைகள், முதியவர்கள். மீட்புப் படையாலோ ஹெலிகாப்டராலோ உடனே நெருங்க முடியவில்லை. பக்கத்திலுள்ள புதுக்குடி ஊரார் தங்கள் வீட்டு அரிசி பருப்பைக் கொண்டுவந்து கோயிலில் உலை வைத்துச் சோறாக்கிப் பயணிகளுக்குப் போட்டார்கள். அவர்கள் வீட்டைச் சுற்றியும் அதே வெள்ளம்தான் நின்றது. கோயில் கொடையில் ஆயிரம் பேருக்குச் சமைத்துப் பழகிய ஊர் அது. அண்டா எங்கே, அடுப்பு எங்கே, யார் கறிகாய் நறுக்குவது, யார் பரிமாறுவது என்ற ஏற்பாடு ஊருக்குள் ஏற்கெனவே இருந்தது.

பேரிடர் நிர்வாகம் இந்த ஏற்பாட்டைத்தான் தன் அடித்தளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கோயில் கமிட்டி, ஜமாஅத், பங்குப் பேரவை, மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து, மகளிர் சுயஉதவிக் குழு, இளைஞர் நற்பணி மன்றம் ஆகியவை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஆள் திரட்டவும் பணம் வசூலிக்கவும் கணக்கு ஒப்புவிக்கவும் இவற்றுக்குத் தெரியும். நாகைக் கரையின் மீனவர் பஞ்சாயத்து "இன்று தொழிலுக்குப் போகக் கூடாது" என்று சொன்னால் ஒரு படகும் இறங்காது. அந்தக் கட்டுப்பாடு எந்த அரசாணைக்கும் எளிதில் வராது. ஏரிக்கரையைக் காக்கும் நம் பழைய முறையும் இத்தகையதே. மழைக்காலத்தில் நீர் பாய்ச்சும் பொறுப்பிலுள்ள நீர்க்கட்டியும் மடையைப் பார்க்கும் மடைக்குடும்பரும் கரையில் காவல் இருப்பார்கள். கசிவு கண்டால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக வந்தாக வேண்டும். குடிமராமத்து என்பது அரசுத் திட்டத்தின் பெயராக மாறுவதற்கு வெகு முன்பே வெள்ளத் தடுப்பு முறையாக இருந்தது. அந்தக் காவல் அற்றுப்போன ஊர்களில் குளம் உடைந்த பிறகே செய்தி தெரிகிறது.

புயல் போன பிறகு

உயிர் காப்பதில் நாம் முன்னேறியிருக்கிறோம். அதற்குப் பிந்தைய நாட்களில் இன்னும் தடுமாறுகிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. முன்னதாகவே எண்பதாயிரம் பேர்வரை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டதால் உயிரிழப்பு இரண்டு இலக்கத்தோடு நின்றது. பொழுது விடிந்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் தரையில் கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

மின்சாரம் இல்லையென்றால் விளக்கு மட்டும் இல்லாமல் போவதில்லை. ஊருக்குக் குடிநீர் தருவது மேல்நிலைத் தொட்டி. அதை நிரப்புவது போர்வெல் மோட்டார். அது ஓடாவிட்டால் மூன்றாம் நாளே குடிக்கத் தண்ணீர் கிடையாது. வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து ஒவ்வோர் ஊராக எடுத்துப் போய், இரண்டு மணி நேரம் மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்தார்கள் இளைஞர்கள். சாலையில் விழுந்த மரங்களை இயந்திர ரம்பம் வைத்திருந்தவர்கள் அறுத்துத் தள்ளினார்கள். எந்த ஊரில் ஜெனரேட்டர் இருந்தது, எங்கே ரம்பம் இருந்தது, இயக்கத் தெரிந்தவர் யார் என்பதற்கு முன்கூட்டியே பட்டியல் இருந்திருந்தால் அந்த மூன்று நாள் தவிப்பு ஒரு நாளில் முடிந்திருக்கும். உட்புற ஊர்களுக்கு நிவாரண லாரி போகாமல் பிரதான சாலையோர ஊர்களிலேயே பொருள் குவிந்ததும் இதனால்தான்: எந்த ஊருக்கு என்ன தேவை என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

2004 சுனாமிக்குப் பின் நாகை இதற்கு ஒரு நல்ல வழி காட்டியது. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் வந்து குவிந்தபோது, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனமான சிஃப்ஸும் தொண்டு நிறுவனமான ஸ்நேகாவும் மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை 2005 தொடக்கத்திலேயே நிறுவின. எந்த ஊரில் எந்த அமைப்பு வேலை செய்கிறது, எந்த ஊர் விடுபட்டிருக்கிறது என்பதை அது அன்றாடம் பதிந்தது. அரசும் அமைப்புகளும் ஊர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. பேரிடர் முடிந்த பிறகு உருவான அந்த ஏற்பாடு, பேரிடருக்கு முன்பே ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டியது.

காடு காக்குமா?

இயற்கை அரண்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். வேதாரண்யம் பகுதியின் நாலுவேதபதி ஊர் 2002இல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டுக் கின்னஸ் பதிவில் ஏறியது. இரண்டு ஆண்டு கழித்து வந்த சுனாமியின் வேகத்தை அந்த மரங்கள் தணித்தன என்று ஊர் நம்புகிறது. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மீண்டும் கணக்கிட்டு, ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் பெரும்பங்கு வகித்தன என்று மறுத்தார்கள். இந்த வாதத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: அலையாத்தியையும் மணல்மேட்டையும் எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது, புயல் அலையையும் மண் அரிப்பையும் அவை தணிக்கும். ஆனால் காடு இருக்கிறது என்ற தைரியத்தில் தாழ்வான கரையில் வீடு கட்டவும் கூடாது, ஒத்திகையைக் கைவிடவும் கூடாது.

விடுபடுகிறவர்கள்

"சமூகம்" என்று பொதுவாகச் சொல்லும்போது அதற்குள் இருக்கும் மேடுபள்ளங்கள் மறைந்துவிடுகின்றன. சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391 பேரும் ஆண்கள் 146 பேரும் இறந்ததாக ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஆண்கள் பலர் கடலில் படகில் இருந்தார்கள். ஆழ்கடலில் அலை ஓங்கவில்லை. பெண்கள் மீனை எதிர்பார்த்துக் கரையில் நின்றார்கள் அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். ஓடும்போது குழந்தையை விட மனம் வரவில்லை. நீந்தவும் யாரும் கற்றுத் தரவில்லை. சிறுமிகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதும் பேரிடர்த் தயார்நிலைதான்.

நிவாரணத்தில் சாதி குறுக்கிட்டதும் சுனாமிக் காலத்தில் பதிவாகியிருக்கிறது. மீன்பிடித் தொழிலைச் சார்ந்து கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும், கழிமுகங்களில் நண்டு இறால் பிடித்து வாழ்ந்த இருளர்களும் படகு உரிமையாளர் பட்டியலில் இல்லாததால் இழப்பீட்டிலும் பின்தள்ளப்பட்டார்கள். முகாமில் தனித்தனியாக ஒதுக்கப்பட்ட சம்பவங்களும் நடந்தன. ஊர்ப் பஞ்சாயத்தின் கட்டுப்பாட்டைப் புகழ்ந்த நான் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அந்தப் பஞ்சாயத்தில் பெண்ணுக்கும் தலித்துக்கும் பெரும்பாலும் இடமில்லை. ஊரிடம் பொறுப்பைக் கொடு என்று கேட்பவர்கள் ஊரை ஆளுகிற நாலு குடும்பத்திடம் கொடு என்று கேட்பதாக ஆகிவிடக் கூடாது. படுக்கையில் இருப்பவர், கண் தெரியாதவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி ஆகிய ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவரை அழைத்துப் போகும் ஒருவரின் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

சட்டமும் பணமும்

2005 சட்டம் தேசம், மாநிலம், மாவட்டம் என்று மூன்று அடுக்கு ஆணையங்களை வைத்தது. மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி இணைத் தலைவர். அதற்குக் கீழே ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் கடமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை மாவட்ட ஆணையத்தின் வழிகாட்டலின்படி நடக்க வேண்டியவை. 2025இல் வந்த திருத்தம் பெருநகரங்களுக்குத் தனி ஆணையம் அமைக்க வழி செய்தது. கிராமத்துக்கு அப்படி எதுவும் இல்லை. நடைமுறையில் புயல் நாளன்று ஊரில் அரசின் முகமாக இருப்பவர் வி.ஏ.ஓ.; அவருக்கே பல ஊர்களின் பொறுப்பு இருக்கும்.

பணத்தின் பங்கீடு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 15ஆவது நிதி ஆணையம் 1,60,153 கோடி ரூபாய் கணக்கிட்டது. அதில் மீட்பு நிவாரணத்துக்கு 40 சதவீதம், மறுசீரமைப்புக்கு 30, தணிப்புப் பணிகளுக்கு 20. தயார்நிலைக்கும் பயிற்சிக்கும் 10. இப்படித் தனித்தனியாகப் பிரித்ததே முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பத்து சதவீதத்தில் எத்தனை ரூபாய் ஊராட்சிக் கணக்குக்கு நேரே போய்ச் சேர வேண்டும் என்று வரையறுக்கப்படவில்லை.

ஆள் பயிற்சியில் நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. ஆப்தா மித்ரா திட்டம் 2016இல் முப்பது மாவட்டங்களில் ஆறாயிரம் தொண்டர்களோடு தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்று விரிந்தது. தமிழ்நாடு அரசு தாழ்வான பகுதிகள்தோறும் முதல்நிலை மீட்பாளர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறது. நீச்சல் தெரிந்தவர், மரம் வெட்டுபவர், பாம்பு பிடிப்பவர் எல்லோரும் அதில் உண்டு. பெயர் எழுதியதோடு வேலை முடிவதில்லை. பயிற்சி பெற்ற இளைஞர் அடுத்த ஆண்டு திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விடுவார். பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருக்கும். தொண்டருக்கு லைஃப் ஜாக்கெட்டும் காப்பீடும் வேண்டும். மீட்புக்குப் போய்க் கால் உடைந்த மீனவருக்கு யார் மருத்துவச் செலவு செய்வார் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை வேண்டும்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் கூடுகின்றன. அவற்றில் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய இரண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருகின்றன. ஆகஸ்ட் 15 சபையில் ஊரின் பேரிடர்ப் பட்டியலைச் சத்தமாக வாசிக்கலாம்: யாருக்குத் துணை வேண்டும், யார் துணை போவார், படகும் டிராக்டரும் ஜெனரேட்டரும் ரம்பமும் யாரிடம் இருக்கின்றன, எந்த மடையில் கசிவு, எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது, பாதுகாப்பு மையத்தின் சாவி எந்த மூவரிடம் இருக்கும். வாசிக்கும்போதே ஊர் திருத்தும். அக்டோபர் 2க்குள் ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். ஒத்திகையைக் காலையில் அதிகாரிகள் வந்து புகைப்படம் எடுக்கும் நிகழ்ச்சியாக நடத்தாமல், ஒரு முறையாவது இரவில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு நடத்த வேண்டும். சாவி கிடைக்காததும், சக்கர நாற்காலி படியேறாததும், கழிப்பறையில் தண்ணீர் வராததும் அப்போதுதான் தெரியவரும்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வோர் ஊராட்சிக்கும் பேரிடர் முன்பணமாக ஒரு தொகையைக் கணக்கில் வைத்து, எச்சரிக்கை வந்த நொடியிலிருந்து மேலிட அனுமதிக்குக் காத்திராமல் ஜெனரேட்டருக்கும் டீசலுக்கும் அரிசிக்கும் செலவிடும் உரிமையைத் தர வேண்டும். கணக்கை அடுத்த கிராமசபையில் ஒப்புவிக்கட்டும். இரண்டாவது, அபாய அளவைத் தாண்டினால் மக்களை வெளியேற்றும் முடிவை ஊராட்சித் தலைவரும் வி.ஏ.ஓ.வும் சேர்ந்து எடுக்கலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். முடிவு தவறாகி மழை பெய்யாமற்போனால் அதற்காக யாரும் தண்டிக்கப்படக் கூடாது. மூன்றாவது, ஊர்க்குழுவில் பாதிப் பேர் பெண்கள், தலித் பழங்குடிப் பிரதிநிதிகள் கட்டாயம் என்று விதி வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு, ஒரு புயலுக்குப் பிறகு கொடுக்கும் நிவாரணத்தில் சிறு பகுதிதான். வங்கதேசம் மிகுந்த வறுமையில் இருந்த காலத்திலேயே இதைத் தொடங்கியது, ஒடிசாவும் அப்படியே. பணக்கார மாநிலங்களில் ஒன்றான தமிழ்நாட்டுக்கு வசதி இல்லை என்ற சமாதானம் பொருந்தாது. ஆள் இருக்கிறார்கள், பழக்கம் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. வெள்ளம் வந்தால் மீனவரின் படகையும் கிராமத்து அண்டாவையும் நம்பிவிட்டு, வெள்ளம் வடிந்ததும் அவர்களைப் பாராட்டுச் சான்றிதழோடு அனுப்பிவிடும் வழக்கத்தை மட்டும் நாம் விட்டாக வேண்டும். அவர்களை முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்கும் வேலையை அடுத்த பருவமழைக்கு முன்பே தொடங்கலாம்.